தண்ணீர் முறை நாள்

ஸாயில் ஆறு மணிக்கு எழுந்தான். முகம் மழித்தான். விடுதி அறையின் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி வெள்ளைச் சட்டையைத் தேய்த்தான். முதலில் காலர், பிறகு கைகள். தேநீர் போட்டுப் பாதி குடித்தான். பயணப் பெட்டியிலிருந்து இரண்டு பேனாக்களை எடுத்துச் செய்தித்தாளின் ஓரத்தில் கோடு இழுத்துப் பார்த்தான். இரண்டும் எழுதின. துணியில் சுற்றிக் கோட்டின் உள்பையில் வைத்தான்.

அதுதான் அவன் வேலை. தன் நாட்டு அரண்மனையில் இளநிலை அதிகாரி. அரசர் எந்த நாட்டில் எதில் கையெழுத்திட்டாலும் பேனா அவன் கையிலிருந்து போகும். இந்த முறை கொரியா. விருந்து குறைவு, பேச்சுவார்த்தை அதிகம் என்று திட்டமிட்ட அலுவல் பயணம். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, பொறியாளர்களுக்குப் பயிற்சி, இரு நாட்டு நட்பு. கொரியர்கள் குனிந்தார்கள். அரசர் நெஞ்சில் கை வைத்தார்.

மாலையில் கையெழுத்து. ஊரில் அப்போது முற்பகல். அரசர் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்ட, ஸாயில் பேனாவைக் கொடுத்தான். கேமராக்கள் மின்னின. ஸாயிலின் ஊர்ப் பையன் ஒருவன் அரசருக்குப் பின்னால் நின்றது அதுவே முதல் தடவை. ஊரே தொலைக்காட்சி முன்னால் இருந்தது.

கூடத்துக்கு வெளியே வந்து மனைவிக்கு ஃபோன் போட்டான்.

"பாத்தேன், பாத்தேன். அரசர விட நீதான் வெறப்பா நின்ன," என்றாள் வத்ஹா. "டை கோணலா இருந்துச்சு."

"எந்தப் பக்கம்?"

"உங்கப்பா மூக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்."

சிரித்தான். அவள் பக்கத்தில் படபடவென்று வெடித்தது.

"என்ன சத்தம்?"

"எல்லாம் உனக்குத்தான். எதிர்வீட்டு ராகான் துப்பாக்கியோட தெருவுக்கு வந்துட்டான். உன் தம்பி ஃபவ்வாஸும் சுடறான். நம்ம கல்யாணத்துக்குக் கூட இவ்வளவு சுடல."

பிள்ளை பிறந்தால் சுடுவார்கள். பரீட்சையில் தேறினால் சுடுவார்கள். மேலே போன குண்டு எங்கே இறங்கும் என்று அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை.

வாரத்தில் ஒரு நாள்தான் குழாயில் தண்ணீர் வரும். அன்று அவர்கள் தெருவின் முறை. அவள் இன்னும் ஒன்று சொல்லிவிட்டு ஃபோனை அங்கிப் பைக்குள் போட்டாள். செருப்புச் சத்தம் படியேறியது. மொட்டைமாடியின் இரும்புக் கதவு திறந்தது. தகரத் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம். வெடி, மறுபடி வெடி. ஏதோ சாய்ந்தது. அதன் பிறகு தண்ணீர் மட்டும். தொட்டி நிரம்பி வழியத் தொடங்கியதும் கேட்டது. ஒரு கொரிய அதிகாரி அவன் முழங்கையைத் தொட்டு, விருந்து ஆரம்பித்துவிட்டது என்று சைகை காட்டினார்.

அரசரின் விமானத்திலேயே திரும்பினான். அதற்குள் அவளைப் புதைத்திருந்தார்கள். குண்டு கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் மேலிருந்து இறங்கியதாகச் சொன்னார்கள். மாடியை யாரோ கழுவியிருந்தார்கள். தொட்டியின் காலடியில் மட்டும் சிமெண்டு கறுத்திருந்தது.

ராகான் காவல் நிலையத்துக்குத் தானே போய், "என் குண்டுதான்" என்று சொல்லிவிட்டான். அன்று ஃபவ்வாஸும் சுட்டான் என்பதை யாரும் பேசவில்லை.

கொலை விழுந்தால் முதல் சில நாட்களுக்கு இரத்தம் கொதிக்கும் காலம் என்று பெயர். அப்போது இறந்தவரின் ஆட்கள் என்ன செய்தாலும் பின்னால் கணக்கில் வராது. ராகானின் சொந்தக்காரர்கள் போட்டது போட்டபடி ஊரைவிட்டு ஓடினார்கள். அவன் தகப்பன் கலஃப் மட்டும் ஆடுகளை அவிழ்த்துவிட நின்றுவிட்டார்.

ஃபவ்வாஸ் பட்டிக்குள் நுழைந்து ஆடுகளைச் சுட்டான். குண்டு தீர்ந்ததும் மிச்சத்தைக் கத்தியால் அறுத்தான். பையன்கள் ஜன்னல் வழியாகப் பெட்ரோல் ஊற்றினார்கள். மெத்தைகள் முதலில் பற்றின. ஒலிவ மரங்கள் ரம்பத்தில் சரிந்தன. புகைக்குள்ளிருந்து கலஃப் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"ஸாயிலு, மகனே, நீ படிச்சவன். இவங்கள நிறுத்துப்பா."

"கேட்டியா அண்ணே?" ஃபவ்வாஸ் இருமிக்கொண்டே சிரித்தான். முழங்கை வரை ஆட்டு இரத்தம். "படிச்சவனாம். சர்டிபிகேட்ட எடுத்துக் காட்டு."

ஸாயில் தம்பியின் கையிலிருந்த இரும்புக் குழாயை வாங்கினான். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது முழங்கையில். எலும்பு உடைந்தது நன்றாகக் கேட்டது. கலஃப் மண்டியிட்டார். மறு கையைத் தடுக்கத் தூக்கவில்லை.

"அடி," என்றார். "உன் உரிமை."

அடித்தான். இன்னும் எத்தனை என்று அவனுக்குத் தெரியாது. மாமனார் அவ்வாத் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்தபோது குழாய் வழுக்கிக் கீழே விழுந்தது. விமானத்தில் வந்த கோட்டும் டையும் இன்னும் அவன் உடம்பில்தான் இருந்தன.

கலஃபை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். ஒரு கண் போய்விட்டது.

கொதிக்கும் நாட்கள் முடிந்ததும் சமாதானக் குழு வந்தது. முன்னாள் தளபதி நஹார் பாஷா தலைமையில் வண்டி வண்டியாக ஆட்கள். அரண்மனைதான் அனுப்பியது. கடல்நீர் ஆலைக்கு அடிக்கல் நாட்டக் கொரியர்கள் அந்தப் பக்கம்தான் வரப்போகிறார்கள். அதற்குள் அந்தப் பகுதியில் இரத்தம் காய்ந்திருக்க வேண்டும்.

பேச்சுக்குப் போட்ட கூடாரத்துக்கு வெளியே ஃபவ்வாஸ் ஸாயிலின் சட்டையைப் பிடித்தான்.

"முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லு அண்ணே. ராகான் போலீஸ் கையில இருந்தா என்ன, அவன் அண்ணன் எங்க பதுங்கியிருக்கான்னு தெரியும். இன்னைக்கே முடிச்சிடறேன்."

"நீயும்தானே சுட்ட?"

ஃபவ்வாஸ் கையை எடுத்துக்கொண்டான்.

அவ்வாத் வந்தார். முகம் சுண்டியிருந்தது. "பெத்தது நான், மாப்ள. ஆனா நீயே பேசு. விட்டுடு. எனக்கு இன்னொரு குழி வெட்டத் தெம்பில்ல."

ஸாயில் விட்டுவிடுவதாகத்தான் உள்ளே போனான்.

பாஷாவுக்குக் காப்பி ஊற்றினார்கள். அவர் கோப்பையைத் தொடாமல் முன்னால் வைத்தார். அவர் வைத்ததும் வந்தவர்கள் எல்லோரும் வைத்தார்கள். கேட்டது கிடைத்தால்தான் குடிப்பார்கள். குடிக்காமல் எழுந்துபோனால் ராகானின் அண்ணன் செத்தவன்தான்.

"நாங்க கேட்டு வந்தது பெருசு," என்றார் பாஷா. "ஆனா அத எங்களுக்கு முன்னாடியே அந்தப் புண்ணியவதி குடுத்துட்டா. கடைசி மூச்சுல 'அந்தப் பையன மன்னிச்சிடுங்க'ன்னு சொன்னாளாம். அல்லாவ நெனச்சுக் கலிமா சொல்லிக் கண்ண மூடினாளாம்."

கூட்டம் முணுமுணுத்தது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

"யார் கேட்டா?" என்றான் ஸாயில்.

"என்னப்பா?"

"யார் பக்கத்துல இருந்து கேட்டா?"

"பொம்பளைங்க சொன்னாங்க…"

"மாடியில யாரும் இல்ல. ஃபோன்ல நான் இருந்தேன். குண்டு விழுந்தப்புறம் அவ ஒரு வார்த்த பேசல."

அவ்வாத் அவன் தொடையை அழுத்தினார். வாசலில் நின்ற ஃபவ்வாஸ் இடுப்புத் துப்பாக்கியில் கை வைத்தான்.

"பாஷா, எழுந்து நில்லுங்க. அவ யாரையும் மன்னிக்கலன்னு இத்தன பேர் முன்னாடி சொல்லுங்க. அப்புறம் நான் என் பதில சொல்றேன்."

"தம்பி, நான் அரசரோட ஆள்."

"நானும்தான்."

பாஷாவின் கோப்பையில் ஆவி அடங்கியிருந்தது. அவர் கைத்தடியை ஊன்றி மெதுவாக எழுந்தார்.

"அவ யாரையும் மன்னிக்கல," என்றார். "நான் சொன்னது பொய்."

"அப்ப குடிங்க," என்றான் ஸாயில். "நான் விட்டுட்டேன். அவ இல்ல, நான்."

பாஷா நின்றபடியே குடித்தார். கூடாரம் முழுக்கக் கோப்பைகள் எழும்பின. வாசலில் ஃபவ்வாஸ் தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

அவ்வாத் மருமகனின் காதருகே குனிந்தார். "நெசமாவே கடைசியா என்னப்பா சொன்னா எம்பொண்ணு?"

ஸாயில் சொன்னான்.

"இரு, வெச்சிடாதே. தொட்டி நெறஞ்சிடுச்சான்னு பாத்துட்டு வந்துடறேன்."