அவர் தூங்க வேண்டும் என்று

...தூங்க வேண்டும் என்றுதானே சொன்னேன், அவர் தூங்க வேண்டும் என்று விரும்பினேன், பிரெஞ்சில் கில் தொர்மீ, இதில் என்ன தப்பு, ராதாமணி மிஸ்கூட 'சரி, அடுத்த ஆள்' என்று போய்விட்டாரே, ஒருவேளை என் முகத்தைப் பார்த்திருப்பாரோ, இல்லை, அப்போது கரும்பலகைப் பக்கம்தான் திரும்பியிருந்தார்... மதுரா கோட்ஸ் பாலத்தின் ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அல் அமீன் அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டு வந்தான். அவன் சுபாவமே அப்படி. காளவாசல் ஹார்டுவேர் கடையில் பில் போடும்போது கூட்டியதை மறுபடி கூட்டுவான், பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பான், நாலு எட்டு வைத்த பிறகு திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பான். கடை முதலாளி சிரிப்பார். பூட்டு என்றால் இழுத்துப் பார்க்கலாம், வாயிலிருந்து போன வாக்கியத்தை எதைப் பிடித்து இழுப்பது... பாலத்துக்குக் கீழே ஒரு ரயில் போயிற்று, கைப்பிடிச் சுவர் லேசாக அதிர்ந்தது, உடம்பெல்லாம் அசதி, காலையிலிருந்து கடையில் நின்றுகொண்டேதான் இருந்தோம் என்று அப்போதுதான் உறைத்தது.

பிரெஞ்சு வகுப்பில் இன்றைக்குப் புதுப் பாடம். பழைய இறந்தகால வடிவத்தை எடுத்துக்கொள், வாலை நறுக்கு, 'ஸ்' ஒலியை ஒட்டு, பார்லாஸ், ஃபினீஸ், தொர்மீஸ். அவன், அவள், அவர் என்று வந்தால் மட்டும் வால் கிடையாது, உயிரெழுத்தின் தலையில் ஒரு தொப்பி, பார்லா, ஃபினீ, தொர்மீ. அந்தத் தொப்பி கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்காது. இந்த வடிவம் தனியாக நிற்காது என்றார் மிஸ், முன்னால் ஒரு ஆசையோ பயமோ சந்தேகமோ இருக்க வேண்டும், அதுவும் முடிந்துபோன காலத்தில், விரும்பினேன், பயந்தேன், என்ன விரும்பினாய், யார் என்ன செய்ய வேண்டும் என்று விரும்பினாய், அங்கேதான் இது வரும். "பிரெஞ்சுக்காரங்களே பேச்சுல இதை விட்டுட்டாங்க, புத்தகத்துல மட்டுந்தான் இருக்கு" என்றதும் காசிமாயன் அண்ணன் நோட்டை மூடிவிட்டார். ஸ்டேஷனில் வந்து இறங்கும் வெளிநாட்டுக்காரர்களைப் பிடிப்பதற்காகவே வகுப்புக்கு வருகிற ஆட்டோக்காரர். "இதைப் பேசுனா வெள்ளைக்காரன் ஆட்டோவ விட்டுக் குதிச்சிருவான் மிஸ்." "பரீட்சையில வருது, திறங்க காசிமாயன். புத்தகத்துல இருக்கிற ராஜா ராணியெல்லாம் வேண்டாம், ஆளுக்கொரு வாக்கியம், சொந்தமா." அண்ணன் காதைச் சொறிந்துகொண்டே மெல்ல மெல்லக் கட்டினார், நான் அவர்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள், அவர்கள் கமிஷன் தருகிற எம்போரியத்துக்குள் நுழைய வேண்டும் என்று நான் விரும்பினேன். மிஸ்ஸே சிரித்துவிட்டார், ஒரு பிழை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெடிக்கல் ரெப் விஜய்ஆனந்த், "மாப்ள, அடுத்து நீதான், கமிஷன் இல்லாம ஏதாச்சும் சொல்லு" என்று முழங்கையால் இடித்தான். அல் அமீன் எழுந்தான். நான் விரும்பினேன், அவர்... என்று ஆரம்பித்த உடனே நாக்கு நுனிக்குத் தானாக ஒரு வினை வந்து நின்றது, அது தூங்குவது இல்லை. மூர்யூ. செத்துப்போவது. போன வாரப் பட்டியலில் கடைசியாக இருந்த வினை. யாருக்கும் கேட்கவில்லை, வாய் திறந்தபடி ஒரு மூச்சு நேரம் நின்றுவிட்டு அந்த இடத்தில் தொர்மீயை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

பட்டியலில் கடைசியாகப் படித்ததுதானே முதலில் ஞாபகம் வரும், அவ்வளவுதான் விஷயம் என்று சொல்லிக்கொண்டான். அவ்வளவுதானா? அவனைப் பெற்ற அத்தா படுக்கையில் விழுந்து மூன்று வருஷம் ஆகிறது. கல்யாண வீடுகளில் பிரியாணி ஆக்கும் பண்டாரி அவர், பாதுஷா பாய் தேக்சா அண்டா பக்கத்தில் நின்று அரிசியைக் கேட்டால் தெருமுனையில் இருக்கிறவனும் அரிசியைத் தேடுவான், அப்படிப்பட்ட குரல், இப்போது இரண்டு வார்த்தைக்கு மூச்சு வாங்குகிறது. ஆள் வேண்டுமென்றால் எவர்சில்வர் டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டுவார். அம்மா தனியாக அந்த உடம்பைப் புரட்ட முடியாது, ஆகவே இவன், வலது பக்கம், மல்லாக்க, இடது பக்கம், முதுகில் ஈரத்துணி, அப்புறம் பவுடர், விரிப்பை நீளவாக்கில் பாதி சுருட்டி உருவி எடுப்பது, எல்லாம் வாய்ப்பாடு மாதிரி கைக்கு வந்துவிட்டது. பிரெஞ்சு எதற்கு என்று கேட்கிறவர்களிடம் வெளிநாட்டு வேலை என்று சொல்லி வைத்திருக்கிறான். நிஜம் அதில்லை, இன்ஸ்டிட்யூட் போர்டில் டைப்ரைட்டிங், கம்ப்யூட்டர், பிரெஞ்சு என்று மூன்று எழுதியிருந்தது, அதில் அத்தாவுக்குச் சோறு ஊட்டித் துடைத்துப் படுக்கவைக்கிற நேரம் முழுவதையும் விழுங்கக்கூடியது பிரெஞ்சு ஒன்றுதான். இதைத் தனக்கேகூட இன்றைக்கு வரை இவ்வளவு நேராகச் சொன்னதில்லை. தினமும் மூன்று வரி பிரெஞ்சில் டயரி எழுதச் சொல்வார் மிஸ், ஆரம்பத்தில் நிகழ்காலம் மட்டும்தான் தெரியும் என்பதால் அத்தா படுத்திருக்கிறார், மழை பெய்கிறது, நான் சாப்பிடுகிறேன், மறுநாள் அத்தா படுத்திருக்கிறார், வெயில் அடிக்கிறது, நான் சாப்பிடுகிறேன், இப்படியே ஆடி போய் ஐப்பசி வந்துவிட்டது. ஆசைப்படுவதற்கும் பயப்படுவதற்கும் அப்போது இலக்கணம் இல்லை. நல்லதாகப் போயிற்று.

டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்தது, ஒதுங்கினான், பெரியார் பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டிருந்தது. கையைப் பார்த்தான், ஹேண்டில்பார், இன்னும் தள்ளிக்கொண்டுதான் வந்திருக்கிறான். பாலத்து ஏற்றத்தில் எல்லோரும்தான் இறங்கித் தள்ளுவார்கள், இறக்கத்தில் ஏறி மிதித்திருக்க வேண்டுமே, ஏன் மிதிக்கவில்லை, டயரை அழுத்திப் பார்த்தான், காற்று இருக்கிறது, முன் டயரிலும் இருக்கிறது. அம்மா இன்றைக்கு ஊரில் இல்லை. தன் தம்பி மகளின் நிக்காவுக்குப் பேரையூர் போயிருக்கிறாள், மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒரு நல்ல சேலை கட்டிக்கொண்டு. அத்தாவைப் பார்த்துக்கொள்ள வந்த கீழ்வீட்டு ஷைமா அக்கா காலையிலேயே சொன்னாள், "எட்டு மணிக்கு மேல எங்க வீட்டு ஆளு வந்துருவாக தம்பி, சோறு போடணும், அதுக்குள்ள வந்துருவீல்ல?" "வந்துருவேங்க்கா." எட்டு எப்போதோ போய்விட்டது. வகுப்பு முடிந்ததும் விஜய்ஆனந்த் டீக்குக் கூப்பிட்டான், போனான். அவனே இன்னொரு டீ சொன்னான், குடித்தான். காசிமாயன் அண்ணன் ஆட்டோவை ஓரம் கட்டி, "ஏறு பாய், சைக்கிளப் பின்னாடி கட்டிக்கிருவோம், அம்புட்டுத் தூரம் மிதிச்சா போவ" என்றார். "இல்லண்ணே, நீங்க போங்க, நான் மெல்ல வாரேன்." மெல்ல வாரேன் என்று ஏன் சொன்னேன்? படுத்த படுக்கையாக ஒரு மனிதர், தனியாக, கதவைக் கொண்டி போட்டுவிட்டு அக்கா கீழே இறங்கியிருப்பாள், தண்ணீர் கேட்டுத் தட்டினால் யாருக்குக் கேட்கும், கீழ்வீட்டில் டிவி சத்தம் வேறு, சளி அடைத்துக்கொண்டால்... டாக்டர் சொல்லியிருக்கிறாரே, சளிதான் பயம் என்று... இவ்வளவும் தெரிந்த கால் ஏன் எட்டிப் போடவில்லை? களைப்பு. களைப்புதான். களைப்புக்குள் வேறு ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கக்கூட அவனுக்குக் களைப்பாக இருந்தது.

காஜிமார் தெருவில் பாதிக் கடைகள் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தன. சைக்கிளைச் சாத்திப் பூட்டினான், இழுத்துப் பார்த்தான், படியேறினான். மாடிக் கதவில் கொண்டி போட்டிருந்தது, கையை அதில் வைத்தான், திறக்கவில்லை. தினமும் நடப்பதுதான், கதவுக்கு முன்னால் கொஞ்சம் நிற்பது, மேல்மூச்சு அடங்கட்டும் என்று. உள்ளே டம்ளர் ஒரு தடவை கம்பியில் படும், டிங் என்று, உடனே திறந்துகொண்டு போவான். இன்றைக்குச் சத்தம் இல்லை. இன்னும் கொஞ்சம் நின்றான். கீழே டிவியில் யாரோ சிரித்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. திற, என்றது மனசு, கொண்டியின் இரும்பு குளிர்ந்திருந்தது, வாய் தன்பாட்டுக்கு மூர்யூஸ், மூர்யூஸ், மூர்யூ என்று ஒப்பித்துக்கொண்டிருந்தது, நான் செத்துப்போக வேண்டும் என்று, நீ செத்துப்போக வேண்டும் என்று, அவர்... யா அல்லா, நான் எதற்காக நிற்கிறேன், இத்தனை நாளும் எந்தச் சத்தத்துக்காக நின்றேன், டிங் என்று கேட்டதும் நெஞ்சில் ஒன்று விடுபடுமே, அது நிம்மதியா, இல்லை, இன்றைக்கும் போய்ச்சேரவில்லையா என்பதா... கொண்டி தானாக நகர்ந்த மாதிரி இருந்தது, அவன் கைதான் நகர்த்தியிருந்தது.

அத்தா விழித்திருந்தார். கண்கள் கதவிலேயே இருந்தன. டம்ளர் அவர் இடது கையில், கம்பிக்கு ஒரு விரல் தள்ளி, தட்டாமல் அப்படியே.

"முழிச்சுத்தான் இருக்கீங்களாத்தா? நேரமாயிருச்சு, வகுப்புல..." என்று ஆரம்பித்தவன் அதை முடிக்காமல் விட்டான். "ஏன் தட்டல?"

அத்தா உதட்டைக் கூட்டிக்கொள்ளக் கொஞ்ச நேரமாயிற்று. "நீ... நின்னுக்கிட்டு இருந்த."

"எங்க?"

"வாசல்ல." மூச்சு வாங்கினார். "தெனமும் நிப்பேல்ல. இன்னைக்கு... அசதி போல. கொஞ்சம் நிக்கட்டும்னு... விட்டேன்."

அவன் துணியை நனைத்துப் பிழிந்தான். வலது பக்கம் புரட்டினான், ஈரத்துணி, பவுடர், விரிப்பைப் பாதி சுருட்டி உருவினான், கை எல்லாவற்றையும் வரிசை தப்பாமல் செய்தது. அத்தாவின் முதுகு அவன் பக்கம் இருந்ததில் ஒரு சௌகரியம், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. மூன்று வருஷமாகக் கதவுக்கு வெளியே தான் ஒருத்தன்தான் காது கொடுத்து நிற்பதாக நினைத்திருந்தான், உள்ளேயும் ஒருத்தர் படுத்துக்கொண்டு அதே கதவைக் கேட்டுக்கொண்டிருப்பார் என்று தோன்றவே இல்லை. படியேறுவது, நிற்பது, கதவில் கை வைப்பது, வைத்தும் திறக்காமல் இருப்பது, எல்லாம் கேட்டிருக்கும். எல்லாம் கேட்ட பிறகுதான் ஒவ்வொரு நாளும் டம்ளர் கம்பியில் பட்டிருக்கிறது. கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தான், அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். எதற்குப் பதில் என்று அந்த முதுகிடம் கேட்கலாம், கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று இருந்தது.

டம்ளரை வாங்கிக் கழுவினான். தண்ணீர் ஊற்றினான். அவர் கை எட்டுகிற இடத்தில் வைத்தான், எட்டுகிறதா என்று தன் கையை நீட்டிப் பார்த்தான், கொஞ்சம் நகர்த்தி, இன்னும் பக்கத்தில் வைத்தான்.