ரஸ்தாளி வாசனை

கொள்ளிடக் கரைத் தோப்பில் யமுனா பன்னிரண்டு தேனீப்பெட்டிகள் வைத்திருந்தாள். தோப்பு பீமராவுடையது. அவர் ஓய்வுபெற்ற இன்ஜினியர்; ஓய்வு பெற்றதை அவரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அன்றைய தேனீ தினத்துக்கு அவரே கூட்டம் கூட்டி, அவரே தலைமை தாங்கி, அவரே சிறப்புரையும் ஆற்றுவதாக ஏற்பாடு.

“யாருக்காவது ஒரு கொட்டு விழுந்துச்சு, சாயங்காலமே பெட்டியெல்லாம் வெளிய,” என்று காலையிலேயே சொல்லிவிட்டார். வேறு இடம் கேட்டு யமுனா ஸ்ரீரங்கம் பூராவும் அலைந்து பார்த்தவள். தேன் என்றால் நாக்கை நீட்டியவர்கள், தேனீ என்றதும் கதவைச் சாத்தினார்கள்.

பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே மைக். மேஜையில், வந்திருந்த நாற்பது பேருக்கும் கொடுக்க நாலு சீப்பு ரஸ்தாளி, வெயிலில் கமகமத்தது. யமுனா பீமராவிடம் போனாள்.

“சார், பழத்த மட்டும் கேட் பக்கம் வச்சுரலாங்களா?”

“ஏம்மா?”

“தேனீ கொட்டுறப்ப ஒரு வாசனை விடும் சார். கிட்டத்தட்ட இதே வாசனைதான். எதிரி வந்துட்டான், எல்லாரும் வாங்கன்னு அர்த்தம்.”

“திருச்சிக்காரன வாழப்பழத்துக்குப் பயப்படச் சொல்றியா? எனக்கே பாடம் எடுக்காத. என் ஸ்பீச்சுல மூணாம் பக்கம் பூரா வாசனைதான்.”

உண்மைதான். யாரோ கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுத்த பக்கம். “தேனீக்கள் மணத்தால் பேசுகின்றன,” என்று உரித்த பழத்தை உயர்த்திப் பிடித்தபடி வாசித்தார். “வேதிப்பொருளே அவற்றின் மொழி.”

மொழி தெரிந்தவை பெட்டியிலிருந்து கிளம்பின.

ரீங்காரம் மாறியது யமுனாவுக்குத்தான் முதலில் கேட்டது. புகையூதியில் திணித்த தேங்காய் நார் பற்றிக்கொள்ளவே மாட்டேனென்றது. அது புகைவதற்குள் ஒரு தேனீ பீமராவின் மூக்கில் கொடுக்கை இறக்கிவிட்டது.

“அடிக்காதீங்க சார். அசையாம நில்லுங்க.”

ஓடிப்போய் நகத்தால் கொடுக்கைச் சுரண்டினாள். தலையைச் சுற்றிப் புகை போட்டாள்.

“கொட்டுன எடத்துல அந்த வாசனை இருக்கும். புகைதான் மறைக்கும்.”

“இன்னும் எத்தனம்மா வரும்?” சிறப்புரையின் குரல் சுருங்கிப் போயிருந்தது.

“பழம் போனா வராதுங்க.”

கையிலிருந்த பழத்தைக் கொடுத்தார். அதையும் நாலு சீப்பையும் சாக்கில் கட்டி கேட்டுக்கு வெளியே போட்டுவிட்டு அவள் திரும்பினாள். ரீங்காரம் தணிந்திருந்தது. வேறு யாருக்கும் கொட்டில்லை. ஆனால் தோப்புக்காரரின் மூக்கு தக்காளியாகி இருந்தது. நாற்பது பேரும் எழுந்து நின்று அதையே பார்த்தார்கள். யமுனா பெட்டிகளைப் பார்த்தாள்.

பீமராவ் மைக்கில் இருமினார்.

“இப்ப நீங்க பாத்தது செய்முறை விளக்கம். முன்கூட்டியே திட்டமிட்டது.”

கைதட்டல் எழுந்தது. அது அடங்கும்வரை காத்திருந்தார்.

“வருஷா வருஷம் இதே இடத்துல, இதே பெட்டிங்களோட நடக்கும். அடுத்த தடவ பழம் கொஞ்சம் கூடவே வைப்போம்.”

பெட்டிகள் தப்பின என்று யமுனா மூச்சு விட்டாள். முழுசாக விட முடியவில்லை.