எந்த விரலைத் தொட்டேன், சொல்லு

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. "சார், மூளைக்குள்ள உடம்போட மேப் இருக்காமே? தொட்டுத் தொட்டுப் பழகினா அது மாறுமாமே? உங்க தங்கச்சி கதையை எழுதுங்க. கடைசியில வாசகர் கண் கலங்கணும்" என்றார் வார இதழின் ஆசிரியர். சரி என்று உட்கார்ந்தேன்.

மனித மூளை ஓர் அற்புதமான

(வேண்டாம். அற்புதத்துக்கு முன்னால் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ஒரு வெட்டு இயந்திரம் இருக்கிறது. வேலை வேகமாக நடக்கட்டும் என்று அதன் பாதுகாப்பு மூடியைக் கழற்றி வைத்தார் மேனேஜர். என் தங்கையின் மணிக்கட்டில் நரம்பு அறுந்தது.)

2

நரம்பைத் தைத்தார்கள். அது வளர்ந்தது, ஆனால் வழி தவறி. ஆள்காட்டி விரலைத் தொட்டால் அவளுக்கு நடுவிரலில் தெரிந்தது. மூளை இன்னும் பழைய வரைபடத்தையே நம்பிக்கொண்டிருந்தது. அதைத் திருத்தப் பயிற்சி கொடுத்தார்கள். முதலில் பார்த்துக்கொண்டே தொட வேண்டும், பிறகு கண்ணை மூடிக்கொண்டு. தினமும், மாதக்கணக்கில்.

தொட்டது அவளுடைய நாத்தனார்.

"எந்த விரல் அண்ணி?"

"நடுவிரல்."

"தப்பு. கண்ணத் திறந்து பாருங்க."

"உங்க அண்ணனைக் கட்டிக்கிட்ட அன்னைக்கே என் மூளை கெட்டுப்போச்சு."

"அதுக்கெல்லாம் பயிற்சி கிடையாது. விரலை நீட்டுங்க."

ஒரு நாள் சரியாகச் சொன்னாள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். [ஆசிரியர் கேட்ட கண்ணீர் இது. எடுத்துக்கொள்ளட்டும்.]

3

நாளை காலை தொழிற்சாலை மருத்துவர் அவள் கண்ணைக் கட்டிச் சோதிக்கப் போகிறார். எல்லாம் சரியாகச் சொன்னால் மறுபடி அதே இயந்திரம். தவறினால் வேலை போய்விடும். மூடி இன்னும் மூலையில்தான் கிடக்கிறது.

முடிவு அ: சரியாகச் சொல்லி இயந்திரத்துக்குத் திரும்புகிறாள்.

முடிவு ஆ: தெரிந்தே தவறாகச் சொல்லி வீட்டுக்குப் போகிறாள்.

நாத்தனாரும் பக்கத்தில் இருக்க, இரண்டையும் அவளிடம் படித்துக் காட்டினேன். தாளைப் பிடுங்கிக் கசக்கினாள்.

"என்னண்ணா இது? ரெண்டுலயும் நான்தான் மாட்டிக்கிறேன். பொய் சொன்னா இவ உழைப்பு வீண். நிஜத்தச் சொன்னா மறுபடியும் கை போகும். மூடியக் கழட்டின ஆளுக்கு உன் முடிவுல ஒரு வரிகூட வேலை இல்லையா? என் மூளையே மாறிடுச்சு. அந்தாளு மண்டை மட்டும் மாறாதா?"

நாத்தனார் சிரிக்கவில்லை. நானும்தான்.

4

ஆகவே அவளுக்கு நான் முடிவு எழுதப்போவதில்லை. ஆளை மாற்றுகிறேன். நாளை காலை, சோதனைக்கு முன்னால்:

மேனேஜர் குனிந்து, மூலையில் கிடந்த மூடியை எடுத்து

இதற்கு மேல் பேனா நகரவில்லை. பேய்களையே நம்பும்படி எழுதிச் சம்பாதித்தவன் நான். இந்த மனிதரை என்னால் நம்பும்படி எழுத முடியவில்லை. உங்களுக்கு இப்படி ஒரு மேனேஜரைத் தெரிந்திருந்தால், வாக்கியத்தை நீங்களே முடித்துவிடுங்கள்.