பார்சல்காரர் கட்டிய சக்கர நாற்காலி

வீடு மாறுகிறவர்களின் சாமான்களைக் கட்டி அனுப்புவது அவர் தொழில். தெருவே அவரைப் பார்சல்காரர் என்றுதான் கூப்பிடும். அவர் கை பட்டுக் கட்டினால் கண்ணாடி பீரோவில்கூட கீறல் விழாது. அந்தக் கைதான் இன்று அவர் மானத்தை வாங்கப் பார்த்தது.

விமானம் தரையிறங்கி எல்லோரும் இறங்கிப் போயாயிற்று. அவர் மனைவி மட்டும் முதல் வரிசையில் அழுத்தமாக உட்கார்ந்திருந்தாள். பள்ளியில் கணக்கு நடத்துகிறவள். வீட்டிலும் அவளுக்கு டீச்சர் என்றே பெயர். சாயங்காலம் உல்லாசக் கப்பல் ஏற வேண்டும். அவளுடைய சக்கர நாற்காலியோ விமான வாசலுக்கு வந்து சேரவில்லை.

"எங்க நாற்காலியில ஏறிக்கோங்க மேடம். உங்களோடதைத் தேடிக் கப்பலுக்கே அனுப்பிடுறோம்" என்றாள் பணிப்பெண்.

"உங்களோடதுக்கு இத்துனூண்டு சக்கரம்மா. யாராவது தள்ளினாத்தான் நகரும். கப்பல் பூரா நான் தள்ளுவண்டிச் சாமானாப் போகணுமா? என்னோடது வராம இங்கேர்ந்து எழுந்திரிக்க மாட்டேன். எழுந்திரிக்கவும் முடியாது, அது வேற விஷயம்."

துடைப்பத்தோடு காத்திருந்த துப்புரவுக்காரர் சிரித்துவிட்டார். டீச்சர் சிரிக்கவில்லை. சக்கர நாற்காலியோடு பறக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் பாடம் அது: நாற்காலியைக் கண்ணால் பார்க்காமல் விமானத்தை விட்டு இறங்காதே. உள்ளே இருக்கிறவரை அது அவர்கள் தலைவலி, இறங்கினால் உன் தலைவலி.

"எங்க வீட்டுக்காரர் ஊர்ச் சாமானெல்லாம் கட்டி அனுப்புறவர். ஒரு ஸ்பூன் தொலைஞ்சதில்ல. நீங்க ஒரு முழு நாற்காலியைத் தொலைச்சிட்டு நிக்கிறீங்க!"

பார்சல்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். சொன்னால் இவள் தோலை உரித்துவிடுவாள். சொல்லாவிட்டால் கப்பல் போய்விடும்.

"டீச்சர்... அதை நான்தான் கட்டினேன்."

"எதை?"

"நாற்காலியை. ஏறும்போது உன்னை உள்ளே தூக்கிட்டுப் போனதும் அது வாசல்ல அம்போன்னு நின்னுச்சு. மனசு கேக்கல. பையில போர்வை இருந்துச்சு, அட்டை இருந்துச்சு, டேப்பும் இருந்துச்சு..."

"பேர் எழுதி அவங்க மாட்டின சீட்டு?"

"அதுக்கு மேலதான் சுத்தினேன்."

பணிப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். "பார்க்க எப்படி சார் இருக்கும்?"

"சின்ன சோபா மாதிரி."

அவள் வாக்கி டாக்கியில் பேசினாள். உடனே பதில் வந்தது. பேர் ஊர் இல்லாத சோபா ஒன்று சரக்குக் கிடங்கில் கிடக்கிறதாம்.

சோபா வந்தது. பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பார்சல்காரர், பணிப்பெண், துப்புரவுக்காரர் மூவரும் தரையில் உட்கார்ந்து நகத்தால் டேப்பைச் சுரண்டினார்கள். நாற்காலியில் ஒரு கீறல் இல்லை. டீச்சர் பிய்ந்து விழுந்த டேப் துண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

அடித்துப் பிடித்துக் கப்பல் ஏறினார்கள். மேல்தளத்தில் அவர் வழக்கம்போல் பின்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்தார்.

"கையை எடுங்க" என்றாள் டீச்சர். "கப்பலை விட்டு இறங்குற வரைக்கும் நீங்க எதையும் கட்டக் கூடாது, எதையும் தள்ளக் கூடாது."

ஊரில் தெருவெல்லாம் மேடும் பள்ளமும். பின்னால் ஒரு ஆள் இல்லாமல் அவள் வாசல் தாண்டியதே கிடையாது. இங்கே தளம் வழவழவென்று கிடந்தது, பேருக்கு ஒரு படி இல்லை. அவள் சக்கரத்தை இரண்டு கையாலும் ஒரு தள்ளுத் தள்ளினாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள்.

பார்சல்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. போனவளைக் காணோமே என்று மனசு அடித்துக்கொண்டது. கப்பலை ஒரு சுற்றுச் சுற்றி அவள் மறுபக்கமாக வந்தாள். தலை கலைந்து, மூச்சு வாங்க, முகமெல்லாம் சிரிப்பு. இத்தனை வருஷத்தில் அவள் தனக்கு எதிரே வந்து அவர் பார்த்ததில்லை. பழக்க தோஷத்தில் எழுந்து நின்றார்.

"உட்காருங்க" என்றாள் டீச்சர். "எனக்கு இன்னும் ஒரு சுத்து இருக்கு."