மறுபக்கத்துப் பால்

சிந்துஜாவுக்கு இரட்டைப் பிள்ளைகள். முதலில் பெண், பின்னால் பையன். மாதம் நிறையாமல் பிறந்ததால் இரண்டையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, மூக்கில் குழாய் விட்டுத்தான் பாலூட்டினார்கள். அவள் சீம்பாலைச் சொட்டுச் சொட்டாகக் கோப்பையில் பீய்ச்சி, "ரெண்டு பேருக்கும் சமமா குடுங்க மிஸ்" என்று சொல்லி அனுப்புவாள்.

பெண்ணுக்கு மூச்சு பிடிபடவே இல்லை. டாக்டர்மார் செய்யாத வைத்தியமில்லை. ஒரு காலையில் அது அடங்கிவிட்டது.

கலஹாவில் ஓட்டோ ஓட்டும் அவள் கணவன் சுமன், வெள்ளைத் துணியில் சுற்றிய பிள்ளையோடு வார்டுக்கு வந்தான்.

"அப்பா குழி வெட்டச் சொல்லிட்டாரு. மழைக்கு முந்திப் போகணும். உன்னையும் கூட்டிட்டுப் போகலாம்னு டாக்டர் சொல்றாரு. கெளம்பு."

அதே நேரம் தாதி வதனா பையனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். அவனை இன்றைக்கு முதன்முதலாக மார்பில் போட்டுப் பார்க்க வேண்டும்.

சிந்துஜா பெண்ணை மடியில் வாங்கினாள். நெற்றியில் முத்தமிட்டாள். காதை மூடும்படி தொப்பியை இழுத்துவிட்டாள். பிறகு கணவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் வந்தா இவன் பசியில கெடப்பான்."

"ஒரு பிடி மண்ணு போட வேணாமா நீ? பெத்தவதானே?"

அவள் பையனை வாங்கக் கையை நீட்டினாள். சுமன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

வதனா யாழ்ப்பாணத்துப் பெண். அவள் தலையணையை முதுகுக்கு அணைத்து வைத்தாள்.

"நல்லாச் சாஞ்சு இருங்கோ. பிள்ளையின்ர வயிறு உங்கட வயித்தோட ஒட்டியிருக்க வேணும். நீங்கள் குனியாதேங்கோ, பிள்ளையைக் கிட்டக் கொண்டு வாங்கோ."

பையன் காம்பை நக்கினான், விட்டான், சிணுங்கினான், தூங்கினான். வதனா உள்ளங்காலை வருடி எழுப்பினாள். "வாயை நல்லாத் திறக்கட்டும். காம்பு மட்டும் காணாது, கறுப்பு வட்டமும் உள்ள போக வேணும்." மறுபடியும் நழுவினான்.

சிந்துஜாவின் நினைப்பு வண்டியின் பின்னாலேயே ஓடியது. இப்போது பேராதனையைத் தாண்டியிருக்கும். இப்போது மலை ஏறும். இப்போது குழியில் இறக்குவார்கள்.

"தோளை இறுக்காதேங்கோ, அம்மா."

"அழுதா பால் வராதா மிஸ்?"

"வரும். அழுதுகொண்டும் குடுக்கலாம்."

அதுவரை அடக்கி வைத்திருந்தவள் அப்போதுதான் அழுதாள். மடியில் கிடந்த பிள்ளையும் சேர்ந்து குலுங்கியது. அந்தக் குலுக்கத்தில் வீறிட்டு வாயைத் திறந்தவனை வதனா சட்டென்று அணைத்து வைத்தாள். பற்றிக்கொண்டான். தாடை அசைந்தது. 'களக்' என்று விழுங்கும் சத்தம் இருவருக்கும் கேட்டது.

அவன் உறிஞ்ச உறிஞ்ச, மறு மார்பிலிருந்தும் பால் தானாக வழிந்து சட்டையை நனைத்தது. வதனா கோப்பையை எடுத்தாள்.

"இதில பிடிச்சு வைப்பம். பிறகு தம்பிக்குக் குடுக்கலாம்."

"வேணாம் மிஸ். அது அவளோடது."

வதனா கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள். பால் வழிந்துகொண்டே இருந்தது.

பின்னேரம் சுமன் திரும்பி வந்தான். கால்களில் செம்மண் அப்பியிருந்தது.

"எங்க வச்சீங்க?"

"தேயிலைத் தோட்டத்துக்கு மேல. எங்க அம்மாவைப் பொதைச்ச எடத்துக்குப் பக்கத்துல."

"மழை?"

"எல்லாம் முடிஞ்ச பொறகுதான் வந்துச்சு." பையனைப் பார்த்தான். "குடிச்சானா?"

"குடிச்சான்."

அவன் கட்டில் விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டு தேம்பினான். அவளுடைய இரண்டு கைகளும் பிள்ளையைத் தாங்கியிருந்தன. அவன் தலை தன் முழங்காலில் சாய்கிற மாதிரி கொஞ்சம் நகர்ந்து கொடுத்தாள்.

பையன் தேறினான். சில வாரங்களில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். கலஹாவில் இறங்கியதும் சிந்துஜா வீட்டுக்குள் போகவில்லை. தீட்டு என்று தடுத்தவர்களுக்குக் காதுகொடுக்காமல், பிள்ளையை அணைத்தபடி தேயிலைக்கு மேலே ஏறினாள். அடைமழையில் மண் அமிழ்ந்து, எங்கும் ஒரே பச்சையாகப் புல் முளைத்திருந்தது. அவள் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"எதுங்க?" என்று கேட்டாள்.

பெற்றவளுக்கு அந்த இடத்தைச் சுமன்தான் கைநீட்டிக் காட்ட வேண்டியிருந்தது.