முள் ஒரு நூல் ஏறியது

பாய்லருக்குப் போகும் தண்ணீரைச் சோதிப்பதுதான் என் வேலை. அனல் மின் நிலைய ஆய்வகத்தில் பதினெட்டு வருடம். தண்ணீரில் உப்பு கொஞ்சம் கூடினாலும் குழாயின் உட்புறத்தில் படியும், படிந்தால் சூடு கடக்காது, குழாய் வெடிக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதை நான்தான் சொல்லிக்கொடுப்பேன். அப்படிப்பட்டவன் என் சொந்தக் காருக்கு, எங்கள் குடியிருப்பு பிளாக்கின் கோடியிலிருந்த அடிபம்பின் உப்புத் தண்ணீரை ஒன்பது வருடம் ஊற்றவைத்தேன்.

எழுபத்திரண்டில் வாங்கிய பழைய அம்பாசடர். எனக்கு ஓட்ட வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் தாஜுதீன் வந்து ஓட்டுவார். மற்ற நாட்களில் மெயின் பஜாரில் தன் அண்ணனுடைய சைக்கிள் கடையில் இருப்பார்.

வாங்கிய புதிதில், எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுக்கோட்டுக்குக் கீழேயே நிற்கும். பிறகு வருடத்துக்கு ஒரு நூல் ஏறியது. ஒரே நாளில் ஏறியிருந்தால் பயந்திருப்பேன். எண்பதாம் வருடக் கோடையில் தாஜுதீன்தான் சொன்னார்.

"சார், முள்ளு முன்ன மாதிரி இல்ல. கொஞ்சம் வேகமாப் போனாலே சிவப்பத் தொடுது. ஒருதடவ எஞ்சினப் பிரிச்சுப் பாத்துடலாம்."

"வயசானா வண்டிக்கும் உடம்பு கொஞ்சம் சுடும் தாஜுதீன். தினம் நான் பாக்குறதே மீட்டரத்தான்."

அவர் வண்டியைத் துடைக்கப் போனார்.

அடுத்த சித்திரையில் கடலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். நான், என் மனைவி சந்திரா, அவள் தங்கை, தங்கை கணவர் கொளஞ்சிநாதன். குறிஞ்சிப்பாடி தாண்டியதும் பானெட்டிலிருந்து ஆவி சீறியது. எல்லோரும் இறங்கி ஓரமாக நின்றோம்.

"என்னா சகல," என்றார் கொளஞ்சிநாதன். "பாய்லரப் பத்தி ஊருக்கே பாடம் எடுப்பீங்க. கடைசில உங்க வண்டியே பாய்லராயிடுச்சே."

பெண்கள் சிரித்தார்கள். சந்திராவும் சிரித்தாள்.

நான் தாஜுதீன் பக்கம் திரும்பினேன். "காலைல தண்ணி பாத்தியா நீ? கண்ண எங்க வச்சிக்கிட்டு ஓட்டுற?"

அதுவரை அவரை நான் ஒருமையில் பேசியதில்லை.

"ரொப்பிட்டுதான் சார் எடுத்தேன்."

"ரொப்பியிருந்தா ஏன் கொதிக்குது?"

காலையில் அவர் பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டர் தளும்பும்வரை தண்ணீர் ஊற்றியதை நான் காபி டம்ளரோடு வாசலில் நின்று பார்த்திருந்தேன். பேசும்போதே அது எனக்கு நினைவிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் வாசலில் நின்றது அவருக்கும் தெரியும். அதை அவர்கள் முன்னால் சொல்லவில்லை. காலி டின்னை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடிப் போனார்.

இரண்டு நாள் கழித்துப் பக்கத்து பிளாக் கோபாலகிருஷ்ணன் வந்தார். ஒரு பள்ளிக்கூடக் கமிட்டியின் செயலாளர். பள்ளி பஸ்ஸுக்கு டிரைவர் எடுக்கிறார்கள், பெர்மனென்ட் வேலை.

"உங்க தாஜுதீன் மனு போட்டிருக்காரு. உங்களக் கேக்கச் சொல்லி எழுதியிருக்காரு. ஆளு எப்படிங்க?"

"நல்ல மனுஷன். ரேடியேட்டருக்குத் தண்ணி பாக்குறது, அந்த மாதிரி விஷயத்துலதான் கவனம் பத்தாது."

"புள்ளைங்க போற வண்டியாச்சே."

"ஆமா," என்றேன். அந்த 'ஆமா'வையாவது சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சனிக்கிழமை குறிஞ்சிப்பாடி மெக்கானிக் தனகோட்டி எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினார். தண்ணீர் ஓடும் வழியெல்லாம் வெள்ளை வெளேரென்று உப்பு. வாட்டர் பம்பின் இறக்கைகள் தேய்ந்து பாதியாகியிருந்தன.

"டிரைவர் மேல தப்பு இல்லீங்க. ரொப்பி வச்சிகினே இருந்தாலும் தண்ணி எங்க ஓடும்? வழியே அடச்சிகினு கெடக்குது. வேற ஆளு ஓட்டியிருந்தா மூணு வருசம் முன்னாடியே எஞ்சின் போயிருக்கும்."

ஒரு சில்லைப் பெயர்த்து என் உள்ளங்கையில் போட்டார். அது என்ன உப்பு என்று தெரிந்துகொள்ள எனக்குச் சோதனை தேவைப்படவில்லை.

அன்று மாலையே கோபாலகிருஷ்ணன் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஷிப்ட் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலு நாள் போயிற்று. ஐந்தாம் நாள் போனபோது அவர் கேட் அருகிலேயே நின்றிருந்தார்.

"அடடா, நேத்துதாங்க காடாம்புலியூர் ஆளு ஒருத்தருக்கு ஆர்டர் குடுத்தோம். நீங்க சொன்னீங்கன்னுதான் இவர விட்டோம்."

அங்கிருந்து நேராகத் தாஜுதீன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி சித்தீகா நாற்காலி போட்டுவிட்டு உள்ளே போனார்.

"வேல கெடைக்கல சார்," என்றார் தாஜுதீன். "நீங்க நல்லாத்தான் சொல்லியிருப்பீங்க. நமக்குக் குடுத்து வைக்கல."

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். எழவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கோபாலகிருஷ்ணனிடம் சொன்னது, தனகோட்டி காட்டியது, அதன் பிறகும் நாலு நாள் அவரிடம் போகாமல் இருந்தது, கல்யாணத்தன்று காலை வாசலில் நின்று பார்த்தது. உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

தாஜுதீன் கேட்டது ஒன்றுதான்.

"உப்பு எவ்ளோ கனம் சார் இருந்துச்சி?"

"ஒத்த ரூபாக் காசு கனம்."

தலையசைத்தார். எழுந்து போய் அலமாரியிலிருந்து என் காரின் இன்னொரு சாவியை எடுத்து வந்து நீட்டினார்.

"வண்டி ரெடியானதும் வேற ஆள வச்சிக்குங்க சார்."

இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன்.