மைக்குக்கு வெயில் கொடுத்தவர்

பெட்ரோல் விலை ஏறினால் ஊரே தலையில் கை வைக்கும். சோலார் கடைக்காரர் மட்டும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து சிரிப்பார். உடனே அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று சொல்லிவிடாதீர்கள். கடை திறந்த நாளிலிருந்து வந்தவர்களெல்லாம் சோலார் பலகையைத் தட்டிப் பார்த்து, மழை பெய்தால் என்ன ஆகும் என்று கேட்டு, ஃபேன் காற்று வாங்கிவிட்டுப் போனவர்கள்தான். மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இந்த மாசமும் ஓடலன்னா கடைய மூடிடுங்க. எங்க அண்ணன் பங்க்குல போய் கல்லாவுல உக்காருங்க."

மச்சானின் பெட்ரோல் பங்க் எதிர்ச்சாரியில்தான் இருந்தது. சூரியனை நம்பிக் கடை போட்ட மனிதர் பெட்ரோல் வாடையில் மச்சானிடம் சம்பளம் வாங்குவதா?

ஆனால் அந்தத் தெருவில் கரண்ட் அடிக்கடி கண்ணாமூச்சி ஆடும். பாதிக் கடைகள் டீசல் ஜெனரேட்டரில் ஓடுபவை. பெட்ரோலோடு டீசல் விலையும் ஏற ஏற, மழையைப் பற்றிக் கேட்டவர்களெல்லாம் தவணையைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டார்களே தவிர யாரும் வாங்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஏறினால் வழிக்கு வருவார்கள் என்று அவர் கணக்குப் போட்டார்.

அந்த நேரத்தில்தான் வேன் டிரைவர்கள் விலையேற்றத்தைக் கண்டித்துப் பங்க் வாசலில் கூட்டம் போட்டார்கள். தலைவர் தொண்டையைச் செருமியதும் கரண்ட் போய்விட்டது. பங்க் ஜெனரேட்டரைப் போடச் சொல்லி மச்சானிடம் கேட்டார்கள்.

"என்னைத் திட்டுறதுக்கு நானே டீசல் ஊத்தணுமா?" என்றார் மச்சான்.

சோலார் கடைக்காரருக்கு மூளை பளிச்சென்று வேலை செய்தது. இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்குமா? ஒரு பலகையையும் பேட்டரியையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். ஒயரை மாட்டி, மைக்கைக் கையில் எடுத்தபோது மனைவி போன் செய்தாள். மைக்குக்கு உயிர் வந்துவிட்டது அவருக்குத் தெரியாது.

"நீ கவலப்படாத. இன்னும் ரெண்டு தடவ விலை ஏறட்டும், நம்ம கடை பொழச்சுக்கும். கண்டிப்பா ஏறும், நான் தெனமும் வேண்டிக்கிறேன்."

நான்கு ஸ்பீக்கரும் அதைத் தெரு முழுக்கக் கொண்டு சேர்த்தன. அவர் கடைச் சரக்கு சுத்தமான சரக்கு, ஒரு இரைச்சல் இல்லை. கூட்டத்திலிருந்து ஒரு குண்டு டிரைவர் வந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"எங்க வயித்துல அடிச்சுத்தான் நீ பொழைக்கணுமாய்யா?"

சோலார் கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் ஈ ஓட்டிக்கிட்டு இருந்தப்போ எனக்காக எவனாவது கூட்டம் போட்டீங்களா?"

அடி விழுந்திருக்கும். அதற்குள் மச்சான் பாய்ந்து வந்து, "எங்க வீட்டு மாப்பிள்ளை, நான் பாத்துக்கறேன்" என்று அவரைப் பங்க்கின் கண்ணாடி அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். வெளியே கூட்டம் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றது.

இனி கல்லாதான் என்று சோலார் கடைக்காரர் முடிவே கட்டிவிட்டார். மச்சான் அவர் முகத்துக்கு நேரே விரலை ஆட்டினார். ஆனால் குரல் மட்டும் கிசுகிசுப்பாக வந்தது.

"மாப்ள, ஜெனரேட்டருக்கு ஊத்தியே என் லாபம் போகுது. நம்ம பங்க்கு கூரை முழுக்கப் பலகை போட்டுடு. பெட்ரோல் விக்கிறவனே வெயிலுக்கு மாறிட்டான்னு இவனுங்க சிரிப்பானுங்க, அதனால இப்போ வெளிய சொல்லாத. நான் உன்னைத் திட்டிக்கிட்டு இருக்கேன், தெரியுதா?"

கடை தப்பித்துவிட்டது. அவருக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"பாவம், விட்டுடுங்க மொதலாளி," என்று வெளியிலிருந்து குண்டு டிரைவரே குரல் கொடுத்தார். "ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டாரு."

மச்சான் கையை இன்னும் உயரமாக ஓங்கினார். "சொந்தக்காரனுக்குக் கொஞ்சம் குறைச்சுப் போடுவ இல்ல?"

சோலார் கடைக்காரர் விம்மிக்கொண்டே, முடியாது என்று தலையை ஆட்டினார்.